அமெரிக்கா வழியாகக் கொட்டாஞ்சேனை

கொழும்பின் முதலாவது அதிவேக வலையமைப்பு தானியம் தின்றது.

1850இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகைக்காரருக்கு ஒரு தலையிடி. உலகச் செய்தி முழுக்கக் கப்பலில்தான் வரும். கப்பலோ காலிக்கு வரும், கொழும்புக்கு வராது. தென்மேல் பருவக்காற்று அடித்தால் அந்தக் காலத்துக் கொழும்புத் துறையில் ஒரு கப்பலும் நிம்மதியாக நிற்க ஏலாது. காலியில் இறங்கும் லண்டன் பத்திரிகை 72 மைல் குதிரை வண்டியில் குலுங்கிக் கொழும்பு வந்து சேர்வதற்குள், தொடங்கிய யுத்தம் முடிந்து, செய்த சமாதானமும் முறிந்திருக்கும். பத்திரிகைக்காரர் யோசித்தார். புறா வளர்க்கத் தொடங்கினார்.

கப்பல் காலிக்கு வந்ததும் செய்தியின் சாரத்தை மெல்லிய தாளில் நுணுக்கி எழுதிப் புறாவில் கட்டிப் பறக்க விடுவார்கள். மணிக்கு 60, 70 கிலோமீற்றர் பறக்கிற பறவைக்கு அது இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை. கிரிமிய யுத்தச் செய்திகள் இப்படித்தான் கொழும்பில் இறங்கின. இறகு உதிர்த்துக்கொண்டு, எச்சமிட்டுக்கொண்டு, ஆனால் குதிரைக்கு முன்னால்.

பொறியியலாளர் கண்ணால் பார்த்தால் இது அருமையான ஏற்பாடு. ஒரேயொரு வில்லங்கம்: புறாவுக்குத் தன் வீட்டுக்கு மட்டும்தான் வழி தெரியும். கொழும்புப் புறா காலியிலிருந்து கொழும்புக்குப் பறக்கும். கொழும்பிலிருந்து காலிக்குப் பற என்றால் கூரையில் குந்தியிருந்து உங்களைப் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு புறாவையும் கூட்டில் அடைத்து, வண்டியில் ஏற்றி, திரும்பவும் காலிக்குக் கொண்டுபோக வேண்டும். வரும்போது ஆகாய மார்க்கம், போகும்போது வண்டிச் சில்லு. பின்னாளில் ஏடிஎஸ்எல் இணைப்புக் கொடுத்தவர்கள் இறக்கும் வேகத்தைப் பெரிய எழுத்திலும் ஏற்றும் வேகத்தைப் பொடி எழுத்திலும் போட்டபோது, காலி வீதிக்கு அது புதினமாக இருந்திருக்காது. இடையில் பருந்து வேறு. பருந்து அடித்தால் பொட்டலம் போச்சு. விஷயம் தெரிந்த புறாக்காரர்கள் ஒரே செய்தியை இரண்டு புறாவில் அனுப்புவார்கள். இன்றைக்குப் பேராசிரியர்கள் அதற்குப் பெரிய பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

இது நடந்து 140 வருடம் கழித்து, 1990 ஏப்ரல் 1ஆம் திகதி, இணையத்தின் விதிகள் வெளியாகும் வரிசையில் ஆர்.எஃப்.சி. 1149 என்றொரு ஆவணம் வந்தது. டேவிட் வைட்ஸ்மன் எழுதியது. இணையப் பொட்டலங்களைப் புறாவில் அனுப்புவதற்கான முறை. முட்டாள்கள் தினப் பகிடி. நோர்வேக்காரர்களுக்குப் பகிடி விளங்கவில்லையோ, மிக நன்றாக விளங்கிவிட்டதோ தெரியாது, 2001இல் பேர்கன் நகரில் அதைச் செய்தே பார்த்தார்கள். ஒன்பது பொட்டலம் போனது, நான்குக்குப் பதில் வந்தது. மிக விரைவான பதிலுக்கு 53 நிமிடம். மிகவும் பிந்தியதற்கு ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கும் மேல். உலகமே சிரித்தது. ஒப்சேவர்காரர் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார், ரோயல்ரி கேட்டிருப்பார்.

2009இல் தென்னாபிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறா இன்னும் மோசமான காரியம் ஒன்றைச் செய்தது. நான்கு கிகாபைற் தரவு உள்ள அட்டையைக் காலில் கட்டிக்கொண்டு 80 கிலோமீற்றரை ஒரு மணி எட்டு நிமிடத்தில் பறந்தது. அட்டையைக் கொம்பியூட்டரில் ஏற்றி முடிக்க மொத்தம் இரண்டு மணியும் சில நிமிடமும். அதே நேரத்தில் தொடங்கிய ஏடிஎஸ்எல் இணைப்பு அனுப்பி முடித்தது நான்கு வீதம். கணக்குப் போட்டால் வின்ஸ்டனின் வேகம் செக்கனுக்கு நான்கு மெகாபிட்டுக்கும் மேல். ஆனால் வின்ஸ்டனோடு ரெலிபோன் கதைக்க முடியுமா? நீங்கள் ஹலோ சொல்லி, மறுமுனை ஹலோ சொல்ல, இரண்டு புறாவும் ஒரு நாளும் செலவாகும். ஒரு தடவையில் எவ்வளவு அள்ளலாம் என்பது ஒரு கணக்கு. முதல் துளி எப்போது வந்து விழும் என்பது வேறு கணக்கு. விளம்பரப் பலகையில் ஏறுவது எப்போதும் முதலாவது. ஆளைக் கொல்லுவது இரண்டாவது.

கொழும்பின் தொடர்பாடல் சரித்திரத்தைப் பாடப்புத்தகக்காரர் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எழுதுவார்கள். எனக்கென்னவோ எல்லாம் ஒரே அத்தியாயமாகத்தான் தெரிகிறது: நடுவழி மின்னல், இரண்டு முனையிலும் வண்டிச் சில்லு.

1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையில் தந்திக் கம்பி வந்தது. புறாக்களுக்கு வேலை போனது. இலங்கையில் தொழில்நுட்பம் காரணமாக வேலை நீக்கப்பட்ட முதல் ஊழியர்கள் அவைதான் என்று நான் தைரியமாகச் சொல்வேன். ஈ.பி.எஃப். இல்லை, ஈ.ரி.எஃப். இல்லை. பழைய ஊழியர்களை முதலாளி கறி வைத்தாரா என்ற கேள்வியைச் சரித்திரம் நாகரிகமாகத் தாண்டிப் போய்விடுகிறது.

அதே 1858இல் வெள்ளைக்காரர் அத்திலாந்திக் சமுத்திரத்துக்குக் கீழே முதல் தந்திக் கேபிளைப் போட்டு, விக்டோரியா மகாராணியின் வாழ்த்தை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 98 சொல். போய்ச்சேர 16 மணித்தியாலம். சொல்லுக்குப் பத்து நிமிடம். நீண்ட கேபிளில் மின்துடிப்பு போகப் போகப் பரந்து மழுங்கி, முதல் எழுத்தின் வால் இரண்டாம் எழுத்தின் தலையில் ஏறிவிடும். ஆறுதலாக அனுப்பினால்தான் பிரித்து வாசிக்கலாம். வில்லியம் தொம்சன் இதை முன்பே சொல்லியிருந்தார். கேபிளுக்குப் பொறுப்பாக இருந்த வைல்ட்மன் வைற்ஹவுஸ் தொழிலால் வைத்தியர். நோயாளி மெதுவாகப் பேசுகிறார் என்று கண்டு, 2,000 வோல்ற் அளவில் அதிர்ச்சி கொடுத்தார். சில கிழமைக்குள் நோயாளி காலமானார். வேகம் போதாவிட்டால் வலுவைக் கூட்டு என்ற அந்த வைத்தியம் இன்றும் வழக்கில் இருக்கிறது. வைபை பிடிக்கவில்லை என்றால் ரவுட்டரின் தலையில் தட்டுகிறவர்கள் எல்லாரும் வைற்ஹவுஸின் சீடர்களே.

நடுவில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட், கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். பத்து வருடத்தில் அணை எழுந்தது. கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்கு வந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான கொட்டாஞ்சேனையில் சனம் பெருகியது, கடை பெருகியது, தேவாலய மணியோடு கப்பல் சங்கும் கேட்டது. இளவரசர் கல்லை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கல் எங்களுடைய கதையில் 129 வருடம் பொறுத்துத்தான் வேலை காட்டும்.

அந்தக் கல்லுக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1975இல், கொழும்பு 7இல் ஒரு வீட்டில் பெரிய கிண்ணம் ஒன்று முளைத்தது. வீட்டுக்காரர் ஆதர் சி. கிளார்க். 1945இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில், பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றரில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தொடர்பு கொள்ளலாம் என்று எழுதிய அதே ஆள். 1956இலிருந்து எங்கள் ஊர்க்காரர். இந்தியா கிராமங்களுக்குச் செய்மதி மூலம் தொலைக்காட்சி காட்டும் பரீட்சார்த்தத்தைத் தொடங்கியபோது, செய்மதி யோசனையின் தகப்பனுக்கு மரியாதையாக ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனார்கள். இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது 1979இல். ஆகவே நாலு வருடத்துக்கு முதலே முழு நாட்டிலும் ஒரேயொரு தொலைக்காட்சி, அதற்கு ஒரேயொரு செய்மதி, முன்னால் கதிரை போட்டு ஒரேயொரு வீட்டுக்காரர். இந்தத் தீவில் இதுவரை இயங்கிய வலையமைப்புகளில் நெரிசலே இல்லாமல் இயங்கியது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம், அத்தோடு கெட்டது.

கிளார்க்கின் 36,000 கிலோமீற்றருக்கு ஒரு விலை இருந்தது. அதை அவர் கொழும்பு 7இல் கட்டவில்லை. வெள்ளவத்தையில் சனம் கட்டினது.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் ‘கொமினிகேஷன்’ பலகை தொங்காத ஒழுங்கையைக் காட்டினால் பரிசு கொடுக்கலாம். போட்டோக் கொப்பி, ஃபாக்ஸ், ஐ.டி.டி., பக்கத்தில் ஒரு போத்தலில் புல்டோ இனிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருக்கும் சனம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜிலும் அறையிலும் கிடந்தது. வீட்டு ரெலிபோன் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். ரொறன்ரோவிலிருந்து மகன் கடைக்கு அடிப்பான். கடைக்காரர் பெடியனை லொட்ஜுக்கு ஓடவிட்டு அம்மாவைக் கூப்பிடுவார். நடுவழியில் பாதுக்கைத் தரை நிலையமும் செய்மதியும் ஒளி வேகத்தில் வேலை செய்ய, முனையில் செருப்புத் தேய ஓடுகிற பெடியன். அம்மா சீலையைச் சரிசெய்து, ஒழுங்கை கடந்து, மூச்சு வாங்கி வந்து சேர்வதற்குள் கனடாவில் மூன்று டொலர் போய்விடும்.

பிறகுதான் கச்சேரி. செய்மதிக்கு ஏறி இறங்க 72,000 கிலோமீற்றர், கால் செக்கன். மறுமொழி திரும்ப இன்னொரு கால் செக்கன். ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அரைச் செக்கனுக்கு முன்னர் வரவே வராது. அரைச் செக்கன் மௌனத்தைப் பொறுக்கிற தாய் யாழ்ப்பாணத்தில் பிறக்கவில்லை.

“தம்பி, கேக்குதோ?”

“ஓம் அம்மா, சாப்பிட்...”

“ஹலோ! கேக்கு...”

“...டியளோ? கேக்குது, நீங்கள் சொல்லுங்கோ.”

“நீ சொல்லு மோனை.”

“நீங்கள் சொல்லுங்கோ.”

இருவரும் சொல்கிறார்கள். இருவரும் நிற்கிறார்கள். இருவரும் திரும்ப ஒன்றாகத் தொடங்குகிறார்கள்.

இதற்கு ஹவாய்த் தீவில் கணிதமே போட்டு வைத்திருக்கிறார்கள். 1971இல் நோர்மன் ஏப்ரம்சன் தீவுகளுக்கிடையில் அலோஹா என்ற வானொலி வலையமைப்பை நடத்தினார். எந்த நிலையமும் நினைத்த நேரத்தில் பேசலாம். இரண்டு பேச்சு மோதினால் இரண்டும் பழுது. ஆளுக்கொரு எழுமாற்று நேரம் பொறுத்துவிட்டுத் திரும்பப் பேச வேண்டும். இப்படி விட்டால் அலைவரிசையில் ஆகக்கூடியது 18 வீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கு நிறுவுகிறது. ‘எழுமாற்று நேரம்’ என்பதில்தான் சூட்சுமம். தாயும் மகனும் ஒரே வளர்ப்பு, ஒரே மரியாதை, ஒரே அளவு பொறுமை. பொறுத்திருக்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே மோதிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளவத்தை, ஹவாயின் 18 வீதத்தையும் எட்டியிருக்காது. கட்டணம் நூறு வீதத்துக்கும்.

இதற்கிடையில் படித்த சனம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று, லேர்ன் என்ற கல்வி வலையமைப்பைத் தொடங்கி, 1990இல் மின்னஞ்சலைக் கொண்டுவந்தார். ஆம், புறா ஆவணம் வெளியான அதே வருடம். உலகம் புறாவில் பகிடி விட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் மெய்யாகவே புறா முறையில்தான் இயங்கினோம்: கடிதங்களைச் சேர்த்துக் கட்டி வைத்து, வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுத்து, ஒரேயடியாகத் தள்ளிவிடுவது, அங்கே கட்டி வைத்திருப்பதை வாங்கிக்கொண்டு போனை வைப்பது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பு, மொரட்டுவை, நாவலத் திறந்த பல்கலைக்கழகம் மூன்றும் செக்கனுக்கு 64 கிலோபிட் வானொலி இணைப்பில் கோத்துக்கொண்டன. 1995இல் லங்கா இன்ரர்நெற் நிறுவனம் காசுக்கு இணையம் விற்கத் தொடங்கியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது அதே வருடம் ஆகஸ்ட் 15. நாங்கள் சில மாதம் முந்திவிட்டோம். செலூலர் போனிலும் 1989இல் தெற்காசியாவிலேயே முதல். 2006இல் மூன்றாம் தலைமுறையிலும் முதல். எதிலும் முதலாவதாகத் தொடங்கிவிட்டு, பந்தியில் முதல் இலையில் குந்தியவன் பாயசம் வருமட்டும் நித்திரை கொண்டதைப் போல இருப்பது எங்கள் பாணி.

அந்த நாளைய இணையத்தின் அழகை ஒரு பயணத்தில் காட்டிவிடலாம். வெள்ளவத்தையில் ஒருவர் ஒரு நிறுவனத்திடம் இணைப்பு எடுத்திருக்கிறார். கொட்டாஞ்சேனையில் அவருடைய மச்சான் வேறொரு நிறுவனத்திடம். இடையில் பத்துக் கிலோமீற்றர் வராது. வெள்ளவத்தையார் ஒரு மின்னஞ்சல் தட்டுகிறார்: ‘பின்னேரம் வாறன், இடியப்பம் அவிக்கச் சொல்லு.’ இரண்டு நிறுவனங்களுக்கும் உள்ளூரில் சந்திக்க ஒரு பொது மாற்றுநிலையம் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே வெளிநாட்டுக்கு வாடகைக் கம்பி பிடித்திருக்கிறது. ஆகவே இடியப்பச் செய்தி கடலைத் தாண்டி அமெரிக்கா போய், அங்கே ஒரு சந்தியில் மாறி, திரும்பவும் கடலைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்கு வரும்.

அமெரிக்காவுக்கு! கொள்ளுப்பிட்டியில் அமெரிக்கத் தூதரக வாசலில் விடிய நாலு மணிக்கே வரிசையில் நின்று, வங்கிப் புத்தகம், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் காட்டியும் நிராகரிக்கப்பட்ட மச்சானுடைய இடியப்பம், விசா இல்லாமல் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அமெரிக்கா போய் வந்த இடியப்பம்தான் முந்தியது. வெள்ளவத்தையார் தானே 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியிருந்தால் சோதனைச்சாவடியில் இறங்க வேண்டும். அடையாள அட்டை. பொலிஸ் பதிவு. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாருடைய வீடு? தொண்ணூறுகளில் தமிழனாகக் கொழும்பைக் குறுக்கே கடப்பதற்குரிய தாமதம் எந்த வழிப்படுத்தியின் கையேட்டிலும் இல்லை. பொட்டலங்களைத் திறந்து பார்க்கும் தீச்சுவர் என்ற தொழில்நுட்பத்தை மேற்கில் கொம்பியூட்டருக்குக் கண்டுபிடித்தார்கள். எங்களுக்கு அது ஆளுக்கே பூட்டியிருந்தது, விலாசத்தைப் பார்த்தே ஓரமாக நிற்க வைக்கும் ரகம்.

ஆளை மறித்தது சாவடி என்றால், பொட்டலத்தை மறித்தது நெரிசல். அந்த நோய்க்கு மருந்து கண்டவர் கலிபோர்னியாக்காரர் வான் ஜேக்கப்சன். 1986 ஒக்ரோபரில், லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் 400 கஜ தூரத்தில், செக்கனுக்கு 32,000 பிட் ஓடவேண்டிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி அறவில்லை, பெட்டி எரியவில்லை. பொட்டலம் தொலைந்துவிட்டது என்று நினைத்த கொம்பியூட்டர்கள் எல்லாம் திரும்பத் திரும்ப அனுப்பி, இருக்கிற வழியையும் அடைத்துவிட்டன. வெள்ளவத்தைச் சந்தை வாசலில் மாலை ஐந்தரைக்கு நூறாம் இலக்க பஸ்ஸும் நூற்றியோராம் இலக்க பஸ்ஸும் பக்கம் பக்கமாக நின்று ஹோர்ன் அடிப்பது இதே தத்துவத்தில்தான்: முன்னால் நகரவில்லையா, அப்போ இன்னும் இரண்டு பஸ்ஸை நுழை. ஜேக்கப்சன் சொன்ன மருந்து சின்னது. ஒன்று வெளியேறினால் ஒன்றை உள்ளே விடு. தொடங்கும்போது கொஞ்சமாகத் தொடங்கு. தொலைந்தால், குற்றம் உன்னுடையது என்று எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாகக் குறை. உலகத்துக் கொம்பியூட்டர்கள் அனைத்தும் இந்த அடக்கத்தைக் கற்றுக்கொண்டபடியால்தான் இணையம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொண்டக்டர்மாருக்கு இன்னும் யாரும் மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு. சமாதான காலம். வெள்ளவத்தையில் கொமினிகேஷன்கள் நெற் கஃபே ஆகிவிட்டன; பலகை அடைத்த சின்னக் கூடுகளுக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அம்மாமார். ஜேர்மனியிலிருந்து கிழக்காசியா வரை 39,000 கிலோமீற்றர் ஓடுகிற சீ-மீ-வீ 3 போன்ற ஒளியிழைக் கேபிளின் கிளை கொழும்புக் கரையைத் தொட்டு நிற்கிறது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் போகும். ரொறன்ரோ இப்போது கூப்பிடு தூரம். ‘நீங்கள் சொல்லுங்கோ’ தொல்லை ஒழிந்தது என்று சனம் நினைத்திருக்க, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஓர் இந்தியக் கப்பல் நங்கூரத்தை இறக்கியது.

கப்பலின் பெயர் ‘ஸ்ரேட் ஒஃப் நாகாலாந்து’. தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசாம், ஒரு பக்கம் மணிப்பூர், ஒரு பக்கம் மியன்மார். நாகாலாந்துக்குக் கடலே கிடையாது. கடலைக் கண்டிராத மாநிலத்தின் பெயரைச் சூடிய கப்பல் வந்து, இந்து சமுத்திரத்தில் இத்தனை இடம் இருக்க, எங்கள் கேபிளின் மேலே நங்கூரத்தைப் போட்டது. இலங்கையின் சர்வதேச ரெலிபோனும் இணையமும் சுருண்டு விழுந்தன. இளவரசர் கல் வைத்து, கப்பல்களையெல்லாம் கொழும்புக்கு வரவழைத்த கைங்கரியம் பூர்த்தியானது. கப்பல் காலியிலேயே நின்றிருந்தால் இந்தத் தொந்தரவு உண்டா? அங்கே நங்கூரம் விழுந்தால் அதிகபட்சம் ஒரு புறா திடுக்கிட்டிருக்கும்.

இதில் நாகாலாந்தைத் தனியே திட்டிப் பயனில்லை. உலகத்தில் வருடத்துக்கு 150 முதல் 200 கேபிள்கள் இப்படி அறுகின்றன; பெரும்பாலும் நங்கூரமும் மீன்பிடி வலையும். ஆழ்கடல் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமன்தான். கரைக்குக் கிட்டே இரும்புக் கவசம் போடுவார்கள், ஆனால் பல தொன் இரும்பு மேலிருந்து விழும்போது கவசம் என்ன செய்யும்? அறுந்த பிறகு பழுது பார்க்கும் கப்பல் வந்து, கொக்கி போட்டு இரண்டு நுனியையும் தேடித் தூக்கி, தலைமயிர் பருமன் இழைகளை மேல்தளத்தில் வைத்து ஒட்டித் திரும்பவும் கடலில் விடும். ஒளி வேகத்துக்கு வைத்தியம் தூண்டில் வேகத்தில். 2011இல் ஜோர்ஜியாவில் 75 வயதுப் பாட்டி ஒருவர் பழைய செம்புக்கம்பி தேடி மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தி, பக்கத்து நாடான ஆர்மீனியாவின் இணையத்தைப் பல மணி நேரம் நிறுத்திவிட்டார். அந்தப் பாட்டியோடு ஒப்பிட்டால் எங்களுக்குக் கிடைத்தது கௌரவமான அழிவு.

ஸ்ரீலங்கா ரெலிகொம் நீதிமன்றம் போய்க் கப்பலைத் தடுத்து வைத்தது. அதற்குள் அழைப்புகளைப் பழையபடி செய்மதிக்கு மாற்றிவிட்டார்கள். அதாவது ‘நீ சொல்லு மோனை’ திரும்பி வந்தது. இணையத்துக்கு இன்னொரு சனியனும் கூட வந்தது. அனுப்பிய கொம்பியூட்டர், ‘கிடைத்தது’ என்ற மறுமொழி வருமட்டும் ஓரளவுக்கு மேல் அனுப்பாமல் காத்திருக்கும். பழைய வழக்கப்படி அந்த அளவு 64 கிலோபைற். மறுமொழி வர அரைச் செக்கனுக்குச் சற்று மேல் என்றால், செய்மதி இணைப்பு எத்தனை மெகாபிட் அகலமாக இருந்தாலும் ஓர் உரையாடலுக்கு ஒரு மெகாபிட்டுக்கு மேல் ஓடாது. பெரிய வழியை வாடகைக்கு எடுத்துவிட்டு, வாசலில் குந்தி மறுமொழிக்குக் காத்திருக்கிற சீவியம்.

இந்த அமளி ஒன்றும் தீண்டாத வலையமைப்பு ஒன்று வெள்ளவத்தையில் இருந்தது. அதற்குப் பலகை கிடையாது. உண்டியல். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டையார் கடைவிரித்த காலத்திலிருந்தே கொழும்புக்குப் பழக்கமான உண்டி முறைக்குப் பேரப்பிள்ளை. ரொறன்ரோவில் ஒருவர் காசைக் கொடுக்கிறார். வெள்ளவத்தையில் ஒருவர் கதவைத் தட்டிக் காசைக் கொடுக்கிறார். நடுவில் காசு பயணமே செய்வதில்லை. போகிறதெல்லாம் ஒரு பெயர், ஒரு தொகை, ஆளை உறுதிப்படுத்த ஒரு தாள் நோட்டின் இலக்கம். நூறு எழுத்துக்குள் அடங்கிவிடும். செய்மதி என்ன, புறாவே காணும். முனையில் சைக்கிளில் வந்து மணியடிக்கிற ஆள் இருக்கிறார் பாருங்கள், வடிவமைப்பு என்றால் அது. சட்டம் இதைப் பற்றி வேறு அபிப்பிராயம் வைத்திருப்பதால் நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நங்கூரம் விழுந்ததற்கு அடுத்த வருடம் சீ-மீ-வீ 4 கொழும்புக்கு வந்தது. 2006இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே பாரத் லங்கா கேபிள்: 325 கிலோமீற்றர். ஒளி அதைக் கடக்க இரண்டு மில்லி செக்கனும் ஆகாது. வெள்ளவத்தையிலிருந்து பார்த்தால் தெஹிவளையைத் தாண்டினால் தூத்துக்குடி. ஆனால் பொட்டலம் தூரத்தைப் பார்த்து வழி பிடிப்பதில்லை. எந்த நிறுவனத்துக்கு எந்த ஊரில் எவரோடு உடன்படிக்கையோ அந்த வழியே போகும். பக்கத்து ஊருக்கு உலகம் சுற்றிப் போகிற இடியப்பங்கள் இன்னும் இருக்கின்றன. இதற்குப் பிறகு மாத்தறையிலும் கேபிள் இறங்கியது. நங்கூரம் போடுகிறவர்களுக்கு இப்போது தெரிவு கூட.

வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை அடுக்குமாடி எழுந்துவிட்டது. ஒளியிழை ஆறாம் மாடி வரைக்கும் ஏறிவிட்டது. பில்லில் 100 மெகாபிட் என்று அச்சடித்திருக்கிறது. ரவுட்டரை வடிவாக இருக்கட்டும் என்று ஹோலில் ஷோகேசுக்குப் பின்னால், மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் பிளாஸ்ரிக் பூச்சாடிக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். இரண்டு கொங்கிறீற் சுவருக்கு அப்பால், அறைக் கட்டிலில் அம்மா ரப்லெற்றைப் பிடித்தபடி இருக்கிறா. பேரப்பிள்ளை வந்து வேகத்தை அளக்கிற செயலியைத் தட்டிப் பார்க்கிறான். ஹோலில் நின்று பார்த்தால் நூறு. அந்தச் செயலி அனேகமாகப் பக்கத்திலிருக்கிற சேவர் ஒன்றைத் தேடிப் பிடித்து அதுவரைக்கும்தான் அளக்கும், ரொறன்ரோ வரைக்கும் போகாது என்பது அவனுக்குத் தெரியாது. “இன்ரர்நெற் நல்லாத்தான் இருக்கு அம்மம்மா” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறான்.

திரையில் மகன் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறான். ஒரு கை பாதி உயர்ந்திருக்கிறது.

“அம்மா, படம் நிண்டிட்டுதோ?” குரல் மட்டும் வருகிறது.

“நிண்டிட்டுது மோனை. பரவாயில்லை, அப்பிடியே இரு. முப்பது வருசமாய் நீ ஒரு இடத்தில நிண்டு நான் காணேல்லை.”